தமிழ்த் தளத்துக்கு வேர்ட்பிரஸ்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

தமிழில் செய்தித் தளமோ இலக்கிய இதழோ தொடங்க நினைப்பவர்களுக்கு வேர்ட்பிரஸையே தயங்காமல் சொல்லலாம். இணையதளத்தை உருவாக்கி நடத்த உதவும் இந்த மென்பொருள் 2003இல் வெளிவந்தது; இலவசம், திறமூலம். தளத்தைத் தன் சர்வரில் வைத்துத் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் சரியில்லை என்றால் தளத்தை மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போய்விடலாம். ஆனால் நிறுவியவுடன் அதில் இருக்கும் அமைப்புகள் ஆங்கிலத் தளத்துக்கானவை. முதல் கட்டுரை ஏறுவதற்கு முன்பே சிலவற்றை மாற்றியாக வேண்டும். (இங்கே பேசுவது நம் சொந்த ஹோஸ்டிங்கில் நிறுவும் வேர்ட்பிரஸைப் பற்றி. வேர்ட்பிரஸ்.காம் சேவை வேறு.)

முதல் சிக்கல் முகவரியில். தலைப்பிலிருந்து கட்டுரையின் முகவரியை வேர்ட்பிரஸ் தானே உருவாக்கும். அதற்கு டேட்டாபேஸில் உள்ள இடம் 200 எழுத்துகள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழிலோ ஒவ்வொரு யூனிகோடு குறியும், அதாவது மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும்கூட, %E0%AE%95 போன்ற விழுக்காட்டுக் குறித் தொடராக மாறி 9 இடம் பிடிக்கும். ஆக 22 குறிகளோடு கதை முடிந்தது. 'தஞ்சாவூர் பெரிய கோவில் கல்வெட்டுகள்' என்று தலைப்பு வைத்தால் முதல் மூன்று சொற்களும் நான்காவதில் 'க' மட்டுமும் நிற்கும். அடுத்த வாரம் 'தஞ்சாவூர் பெரிய கோவில் கட்டடக்கலை' எழுதினால் அதுவும் அதே 'க'வில் வெட்டுப்படும். முகவரி மோதாமல் இருக்க வேர்ட்பிரஸ் கடைசியில் 2 என்ற எண்ணைச் சேர்த்துவிடும். இந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்களுமாக நான்கைந்து வரிக்கு நீளும். அதைப் பார்த்து யாரும் நம்பிக்கையோடு தட்டமாட்டார்கள்.

தீர்வு இரண்டு. நாளுக்குப் பல பதிவுகள் ஏறும் தளம் என்றால் செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய், பதிவு எண் மட்டும் வரும்படி வைத்துவிடலாம். சிறிய தளம் என்றால் ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் கையால் தட்டுவது மேல். வகைகளுக்கும் குறிச்சொற்களுக்கும் இதையே செய்ய வேண்டும். பலர் மறப்பது இவற்றைத்தான். வெளியான பதிவின் முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு வேர்ட்பிரஸ் திருப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் தளம் முழுவதற்குமான அமைப்பைப் பாதியில் மாற்றுவது ஆபத்து. தேடுபொறியில் ஏறிய இணைப்புகளில் எவை உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அடுத்தது மொழியும் நேரமும். தளத்தின் மொழியைத் தமிழாக வையுங்கள். தேதியில் மாதப் பெயர் தமிழில் வரும், பக்கத்தின் மொழி தமிழ் என்ற அடையாளமும் உள்ளே எழுதப்படும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுப்பது அந்த அடையாளத்தை நம்பித்தான். தளத்தை நிர்வகிக்கும் பக்கமான டாஷ்போர்டின் தமிழாக்கம் அரைகுறையாக இருப்பதால், விரும்புபவர்கள் தங்கள் ப்ரொஃபைலில் மட்டும் ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளலாம். நேர மண்டலப் பட்டியலில் கொல்கத்தா அல்லது கொழும்பைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டால் எல்லாப் பதிவுகளும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய நேரத்தைக் காட்டும்.

நேரம் குறித்துப் பதிவை வெளியிடும் வசதியிலும் ஒரு ஓட்டை உண்டு. வேர்ட்பிரஸின் உள்கடிகாரம் தானாக ஓடாது; யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும். காலை 5 மணிக்கு வைத்த ராசிபலன், முதல் வாசகர் 6.20க்கு வந்தால் 6.20க்குத்தான் வெளியாகும். பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் கேச் ப்ளகின் (துணைநிரல்) இருந்தால் இன்னும் தாமதமாகலாம். வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக்கில் உள்கடிகாரத்தை நிறுத்தும் வரியைச் சேர்த்துவிட்டு, ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சி-பேனலில், அந்த வேலையை 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகக் கிளப்பிவிடும் கட்டளை (கிரான் ஜாப்) ஒன்றை அமைத்தால் தொல்லை தீரும்.

எழுத்துருவில் அலட்சியம் கூடாது. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமோடு வரும் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் இருக்காது. அப்போது விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஒவ்வொரு கருவியிலும் தளம் ஒவ்வொரு முகம் காட்டும். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து, பிளாக் தீம்களில் (பக்கத்தின் எல்லாப் பகுதிகளையும் பிளாக்குகளாக அமைக்கும் புதிய வகைத் தீம்கள்) எழுத்துருவை டாஷ்போர்டிலிருந்தே நம் சர்வரில் இறக்கிக்கொள்ளலாம். முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் மூன்றும் நீண்ட கட்டுரைக்கு நன்றாக இருக்கின்றன. வரி உயரம் 1.7 அளவில் இருக்கட்டும். எழுத்து இடைவெளி பூஜ்யம். சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுங்கள், தமிழில் அது பிரவுசர் வலுக்கட்டாயமாகச் சாய்த்த உருவமாகத்தான் பெரும்பாலும் வருகிறது.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரையை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

வேர்ட்பிரஸின் உள்தேடல் தமிழுக்கு மிகவும் பலவீனம். நாம் தட்டிய குறிகள் அதே வரிசையில் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். 'கோவில்' என்று தேடினால் 'கோவிலுக்கு', 'கோவிலில்' மட்டும் வரும் கட்டுரைகள் அகப்படாது, ல் மீதுள்ள புள்ளி தடுக்கிறது. புள்ளியை விட்டு 'கோவில' என்று தேடினால் எல்லாம் கிடைக்கும். தேடல் பெட்டிக்குக் கீழே இதை ஒரு வரியில் வாசகருக்குச் சொல்லி வைப்பது நல்லது.

படங்கள் சத்தமில்லாமல் இடத்தைத் தின்னும். 4000 பிக்சல் அகலப் படம் ஒன்றை ஏற்றினால் மூலம், 2560க்குச் சுருக்கியது, அதற்குக் கீழே ஆறு அளவுகள் என்று மொத்தம் எட்டுக் கோப்புகள் உருவாகும். தீம் தன் பங்குக்கு இன்னும் சில சேர்க்கும். பல தளங்கள் ஒரே சர்வரில் இருக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் கோப்பு எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு என்பதால், இடம் மீதியிருந்தும் படம் ஏறாத நிலை வரும். 1200 பிக்சலுக்குச் சுருக்கி, கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து ஏற்றுங்கள்.

ப்ளகினைப் புதுப்பித்ததும் தளம் வெள்ளையாக நின்றால் பதற வேண்டாம். ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் அந்த ப்ளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் அது செயலிழந்து தளம் திரும்பிவிடும். 'பராமரிப்பில் உள்ளது' என்ற அறிவிப்பிலேயே சிக்கிக்கொண்டால், முதன்மை ஃபோல்டரில் புள்ளியுடன் தொடங்கும் மெயின்டனன்ஸ் கோப்பை நீக்க வேண்டும். கட்டணத் தீமைத் திருட்டுப் பிரதியாக இறக்குவதைப் போல் ஆபத்தான வேலை வேறில்லை. ஹேக்கருக்கான பின்வாசல் பல நேரம் அதற்குள்ளேயே வருகிறது.

பேக்கப் என்றால் கட்டுரைகள் இருக்கும் டேட்டாபேஸும், படங்களும் தீம்களும் ப்ளகின்களும் இருக்கும் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரும் சேர்ந்தது. டூல்ஸில் உள்ள எக்ஸ்போர்ட் தரும் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரி மட்டுமே இருக்கும். ஹோஸ்டிங் மாற்றும்போது டேட்டாபேஸின் எழுத்துத்தொகுப்பு (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்8எம்பி4 ஆகவே தொடர்கிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்துகள் ஐரோப்பியக் குறிகளின் கிறுக்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். டேட்டாபேஸிலேயே கேள்விக்குறிகளாகப் பதிந்திருந்தால் எழுத்து போனது போனதுதான். அதனால் புதிய இடத்தில் பத்துப் பதினைந்து பழைய கட்டுரைகளைத் திறந்து படித்துப் பார்க்கும் வரை பழைய ஹோஸ்டிங் கணக்கை மூடாதீர்கள்.

ஆண்டுக்கு நான்கு முறை மாறும் ஐந்து பக்கத் தளத்துக்கு இவ்வளவும் தேவையில்லை. புதுப்பிக்க ஆளில்லாத வேர்ட்பிரஸ் தளத்தைவிடச் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்கள் பாதுகாப்பானவை. வாரம் ஒரு கட்டுரையாவது ஏற்றி, மாதம் ஒரு மணி நேரம் பராமரிப்புக்கு ஒதுக்கக்கூடியவர்களுக்கே வேர்ட்பிரஸ் பொருந்தும்.