ஹார்மோனிக் ஃபங்ஷன் தியரி: கோளம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்

ஆக்ஸ்லர், போர்டன், ரேமி மூவரும் எழுதியது. ஸ்பிரிங்கர் 1992இல் போட்ட புத்தகம், நான் படித்தது 2001இல் வந்த இரண்டாம் பதிப்பு. ஆக்ஸ்லரின் இணையதளத்திலேயே பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது.

நான் தேடிப்போன கேள்வி ஒன்றுதான்: ஒரு சப்மேனிஃபோல்டின் (வெளிக்குள் இருக்கும் கோடு, தளம், கோளப் பரப்பு போன்றது) மேல் மட்டும் ஒரு சார்பு தெரியும், அதைச் சுற்றியுள்ள வெளிக்கு ஹார்மோனிக்காக, அதாவது லாப்லாசியன் (ஒவ்வொரு அச்சுத் திசையிலும் எடுத்த இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை) பூச்சியமாகும்படி, நீட்ட முடியுமா? கோளம் என்றால் நேராக 5ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள். கோளத்தின் மேல் பல்லுறுப்புக்கோவையைக் கொடுத்தால் உள்ளே கிடைப்பதும் பல்லுறுப்புக்கோவைதான், படியும் ஏறாது. அதைத் தொகையிடாமல், வெறும் வகையிட்டே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லித்தருகிறார்கள், இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம்.

முப்பரிமாணத்தில் ஓரலகுக் கோளத்தின் மேல் எக்ஸின் வர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாப்லாசியன் 2 வருகிறது, அப்படியே உள்ளே கொண்டுபோக முடியாது. சரி, 1இலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்து, 3ஆல் வகுத்து, அதோடு கூட்டுங்கள். கோளத்தின் மேல் கூட்டியது பூச்சியம், அதனால் மதிப்பு மாறவில்லை. உள்ளே அதன் லாப்லாசியன் −2, கணக்கு நேராகிவிட்டது. மையத்தில் 1/3 வரும், கோளத்தின் மேல் எக்ஸ் வர்க்கத்தின் சராசரியும் அதேதான். கையால் போட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் உங்களிடம் இருப்பது மூடிய கோளம் இல்லை, ஒரு தளத்தின் துண்டு என்றால் கதையே வேறு. அங்கே மதிப்பு மட்டும் போதாது, செங்குத்துத் திசை வகைக்கெழுவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்; இரண்டும் அனலிட்டிக்காக (ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அடுக்குத் தொடராக எழுதக்கூடியதாக) இருந்தால் துண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு விடை உண்டு என்பது கோஷி–கோவலெவ்ஸ்கயா தேற்றம். மதிப்பு அனலிட்டிக் இல்லையென்றால் இரு பக்கமும் நீட்டவே முடியாது, ஏனென்றால் ஹார்மோனிக் சார்பு எப்போதும் அனலிட்டிக். விடை இருந்தாலும் நம்பி இறங்க முடியாது: ஹடமார்டின் உதாரணத்தில், சமதளத்தில் ஒரு கோட்டின் மேல் மதிப்பு பூச்சியம், செங்குத்துத் திசைச் சரிவு அதிகபட்சம் 1/100, அதிர்வெண் 100 என்று வைத்தால், 0.2 உயரம் ஏறுவதற்குள் வீச்சு 24,000ஐத் தாண்டிவிடுகிறது.

இதற்கென்று புத்தகத்தில் அத்தியாயம் இல்லை, எனக்கு அதுதான் குறை. முப்பரிமாண வெளிக்குள் ஒரு நேர்கோடு இருந்தால் என்ன செய்வது என்பதையும் நானே போட்டுப் பார்த்தேன்: கோட்டின் மேல் உள்ள சார்பிலிருந்து, அதன் இரண்டாம் வகைக்கெழுவைக் கோட்டிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும், அப்படியே தொடர் போகிறது.

அப்புறம், கூடவே ஆசிரியர்கள் தரும் மென்பொருளும் இலவசம்தான், ஆனால் அது ஓட மேத்தமேட்டிக்கா வேண்டும், அதற்குக் காசு ஆகும். இருந்தால், அதே கோளத்தின் மேல் எக்ஸின் நான்காம் அடுக்கைக் கொடுத்துப் பாருங்கள், மையத்தில் 1/5 வர வேண்டும்.