முதல் கேமிங் கணினி: பாவித்த ஒபிஸ் பெட்டியா, புதுசாகக் கட்டுவதா?

கிளிநொச்சியில் குறைந்த காசோடு முதல் கேமிங் கணினி தேடுபவருக்கு எனக்குத் தெரிந்து வழி இரண்டு.

ஒன்று, பாவித்த ஒபிஸ் கணினி. இன்டெல் ஐ5-6500 சிப் உள்ள டெல் ஒப்டிபிளெக்ஸ் எடுத்து, 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் காட் போட்டால் சரி. அந்தக் காட் 75 வாட்டுக்குள் ஓடுவதால் பெரும்பாலும் தனி மின்வயர் தேவையில்லை. ஆனால் பெட்டியின் அகலத்தை முதலில் பாருங்கள். ஒல்லிப் பெட்டிக்குள் குட்டைக் காட் மட்டுமே போகும். பவர் சப்ளை பழுதானால் கடையில் கிடைக்கும் சாதாரணமானது நேரடியாகப் பொருந்தாது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் சிப்களிலும் ஐ5-6500 இல்லை.

மற்றது, ரைசன் 5 5600ஜி சிப் போட்டுப் புதுசாகக் கட்டுவது. ஆறு கோர், கிராபிக்ஸ் உள்ளேயே. 16 ஜிபி றாமை ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் றாமைத்தான் பாவிக்கிறது; இரண்டாகப் போட்டால் றாம் வேகம் கூடும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தனிக் காட்டை நெல் வெட்டிய காசு வந்தபிறகு வாங்கலாம்.

இன்றைய விளையாட்டு வேகத்துக்கு முதலாவதுதான். ஆனாலும் தம்பிக்கு நான் புதியதையே கட்டிக்கொடுத்தேன். கோடையில் மூடியைக் கழற்றினால் விசிறி இதழெல்லாம் செம்மண் புழுதி; பெயின்ற் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுக்கிறோம்.