நிவாரண சேவை ரிவ்யூ: முதல் வாரம் அஞ்சு ஸ்டார், அப்புறம் ஒன்னரை

வீட்டுல வெள்ளம் பூந்து ஏழு மாசம் ஆச்சு, ஃபைல் இன்னும் ஓடிட்டிருக்கு, அதனால அரசு நிவாரணத்துக்கும் ஒரு ரிவ்யூ போட்டுடலாம்னு தோணுச்சு.

முதல் வாரம் குறையே சொல்ல முடியாது. போட் வந்துச்சு, கேம்ப்ல இடம் கிடைச்சுது, டாக்டர் இருந்தாரு. ஒருத்தர் வந்து பேர் கேட்டு நோட்டுல எழுதினாரு பாருங்க, அதுலயே பாதி தெம்பு வந்துடுச்சு, நம்மளையும் கணக்குல வச்சிருக்காங்கன்னு.

வம்பே அதுக்கப்புறம்தான். சேதம் பாக்க வந்தவரு பாதி சேதம்னு எழுதிட்டு போயிட்டாரு, சுவர் நிக்குதாம், அடியில மண்ணு அரிச்சு போனத யாரு பாக்குறது? அப்பீல் போட்டோம். இப்ப நாமளே ரிப்பேர் பண்ணிட்டா, மறுபடி வந்து சேதம் எங்கன்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு கைய கட்டிட்டு உக்காந்திருக்கோம். வராதுன்னு மொதல்லயே முடிவு பண்ணி கடன வாங்கி கட்டினவங்க குடியே போயிட்டாங்க, நம்புன நாங்கதான் இன்னும் தார்ப்பாய்க்கு கீழ.

இது எங்க கதை மட்டும் இல்ல. நேபாளத்துல 2015 ஏப்ரல்ல நிலநடுக்கம் வந்துச்சுல்ல, கிட்டத்தட்ட 9,000 பேர் செத்தாங்க, மறுகட்டமைப்புக்குன்னு தனி அமைப்பு வந்ததே டிசம்பர்லதான். வீடு கட்ட அவங்க ரூபாயில 3 லட்சம், அதுவும் மூணு தவணையா, மொதல்ல 50,000, அஸ்திவாரம் போட்டு இன்ஜினியர் ஓகே சொன்னா 1,50,000, மிச்சம் அதுக்கப்புறம். திட்டம் தப்பில்ல, அடுத்து வர்ற நிலநடுக்கத்தையும் வீடு தாங்கணும்ல. ஆனா அந்த காசுல முழு வீடு வராது, நிறைய பேர் தவணை கைய விட்டு போகக்கூடாதுன்னே ஒத்த ரூம் கட்டி முடிச்சாங்க. அமெரிக்காவுல கத்ரீனா புயலுக்கு அப்புறம் லூசியானாவுல வீட்டோட பழைய மார்க்கெட் விலைய வச்சும் உதவிய கணக்கு போட்டாங்க, கறுப்பின மக்கள் ஏரியாவுல விலையே கம்மி, அதே மாதிரி வீட்டுக்கு அவங்களுக்கு கம்மியா வந்துச்சு, கேஸ் வரைக்கும் போச்சு.

தொகை கம்மின்னா கூட மனசு ஒத்துக்கும்ங்க, தேதி தெரியாம இருக்கறதுதான் ஆள தின்னுது. இவ்வளவுதான், இந்த மாசம் வரும், இல்லனா வராது, அத சொல்லிட்டா வேற வழி பாத்துக்குவோம்.

புதுசா மாட்டினவங்களுக்கு ஒன்னு, கழுவறதுக்கு முன்னாடி சுவத்துல தண்ணி நின்ன கறைய போட்டோ எடுத்துடுங்க. நாங்க மொதல் வேலையா கழுவிட்டோம்.

நேத்து மெசேஜ் வந்துச்சு, உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. போன மாசம் வந்த அதே வரி. அம்மா மட்டும் இன்னொரு தடவ படிடா, போன தடவ வேற மாதிரி இருந்துச்சேங்கறாங்க.