அப்பத்தாவுக்கு நடையா, யோகாவா, வீட்டுப் பயிற்சியா?

எழுபது தாண்டிய அப்பத்தாவுக்கு இருமினால், தும்மினால் வந்துகொண்டிருந்த சிறுநீர்க் கசிவு, கொஞ்ச நாளில் ராத்திரி எழுந்து ஓடவைக்கிற அவசரமாகவும் மாறிவிட்டது. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு எங்களுடையது. படுக்கை வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், கழிப்பறை பின்கட்டில். இடையில் உயர்ந்த வாசப்படி, மழைக்கு நனையும் முற்றம், ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல். கசிவுக்கு ஒன்று, விழாமல் இருக்க ஒன்று என்று தனித்தனியாகப் பார்க்க எங்களுக்கு வழியில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த வீட்டுப் பயிற்சியைத்தான் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பக்கச் சாய்வு இதில் தெரியத்தான் செய்யும்.

நடை நல்லது. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, மனசுக்கு. ஆனால் விழாமல் இருக்க நடை மட்டும் போதாது, கால் பலமும் உடல் சமநிலையும் தனியாகப் பழக வேண்டும். நனைந்துவிடுமோ என்ற பயத்தில் தெருமுனையோடு திரும்பிவிடுகிற ஆச்சிமார் எத்தனை பேர்!

யோகாவில் சமநிலைக்கான ஆசனங்கள் உண்டு, நாலு பேரோடு சேர்ந்து செய்கிற உற்சாகமும் உண்டு. மூட்டுவலிக்காரருக்குத் தரையில் உட்கார்ந்து எழுவதே பெரும்பாடு, நாற்காலியில் செய்ய வைக்கும் ஆசிரியர் கிடைத்தால் யோகம்தான். கசிவைப் பற்றி வகுப்பில் வாய் திறக்கவும் மாட்டார்கள். “இதையெல்லாமா வெளியில சொல்லுவாக?” என்றுவிட்டார் அப்பத்தா. நான் பார்த்தது ஒரே ஒரு வகுப்பு, எல்லா வகுப்புக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

வீட்டுப் பயிற்சியில் இரண்டு பகுதி. முதலாவது, சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைக்கானது. 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதிப் பரவலாக்கியது. காற்றுப் பிரியாமல் அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்துப் பிடித்து, பிறகு முழுதாக விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. சில நொடியில் தொடங்கிப் பத்து நொடிவரை கூட்டலாம். ஒரு வேளைக்கு 8 முதல் 12 தடவை, தினம் மூன்று வேளை. மூன்று மாதமாவது செய்த பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று பேசலாம். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது கூடாது.

இரண்டாவது, கால் பலமும் சமநிலையும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, தூணைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது, ஒரு பாதத்தை மற்றதன் முன்னால் ஒட்டி வைத்து நிற்பது. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 1990-களில் வயதானவர்கள் வீட்டிலேயே செய்வதற்காக வகுத்த திட்டத்தில் இவையெல்லாம் உண்டு. வாரம் மூன்று நாள் செய்யச் சொல்கிறது அது. அதைச் சோதித்த ஆய்வுகளில் விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது இதெல்லாம் அல்ல, ராத்திரி அவசரம் வருகிற அந்த அரை நிமிடம்தான். இருமும்போது கசிவதைவிட, அடக்க முடியாத அவசரம்தான் விழுவதோடு அதிகம் சேர்ந்து வருகிறது. தூக்கக் கலக்கம், இருட்டு, ஓட்டம் மூன்றும் ஒன்றுகூடினால் வாசப்படி தடுக்காமல் என்ன செய்யும்? அப்போது ஓடக் கூடாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, அதே தசையை ஐந்தாறு தடவை வேகமாக இழுத்து விட்டால் சிறுநீர்ப்பையின் முறுக்கம் தணியும். அவசரம் இறங்கிய பிறகு எழுந்து, ஒரு கணம் நின்று, நடக்க வேண்டும். பகலில் பழகிய பிடிப்புதான் இங்கே கசிவையும் தடுக்கிறது, விழுவதையும் தடுக்கிறது. நடையும் யோகாவும் இந்த அரை நிமிடத்துக்கு ஆளைத் தயார்ப்படுத்துவதில்லை.

நாப்கின் மானம் காக்கும், குணமாக்காது. மாதாமாதம் செலவு வேறு. அவசரத்தை அடக்கும் மாத்திரைகளில் சில, வயதானவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், மனக்குழப்பம் தரும் என்பதால் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பதும் சரிப்படாது, சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் எரிச்சலூட்டும்.

அப்பத்தாவுக்குக் கர்ப்பப்பை இறக்கமோ பக்கவாதமோ இல்லை. அவை உள்ளவர்களுக்கு எங்கள் அனுபவம் வழிகாட்டாது. எரிச்சல், ரத்தம், திடீரென்று தொடங்கிய கசிவு என்றால் முதலில் மருத்துவர்தான். பிசியோவுக்கு ஆள் தேடுகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அடக்கம்.

எதைத் தேர்ந்தாலும், கட்டிலிலிருந்து பின்கட்டுவரை ராத்திரி விளக்கும், கழிப்பறைச் சுவரில் ஒரு பிடிகம்பியும் போட்டுவிடுங்கள். கொத்தனாருக்கு அரைநாள் வேலை.