யாழ்ப்பாணத்தில் ஒரு ரெனிஸ் வகுப்பு: ஆடியவர் கற்பிக்கும்போது

பயிற்றுவிப்பாளரின் கையில் ரக்கெற் இருக்கிறது. ஆனால் முதல் இருபது நிமிடமும் அவர் அதை ஓங்குவதே இல்லை. பிள்ளைக்கு மூன்று மீற்றர் தள்ளி, கூடைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தபடி, கையாலேயே பந்தைத் தூக்கிப் போடுகிறார். ஒவ்வொரு பந்தும் அதே உயரத்தில் எழும்பி, அதே இடத்தில், பிள்ளையின் இடுப்புக்கு நேராக வந்து நிற்கிறது. ஆறு பந்து, பிறகு அடுத்த பிள்ளை. இந்த வகுப்பின் தரத்தை அறிய இதைப் பார்த்தாலே பாதி போதும்.

யாழ் நகரத்து ஒழுங்கை ஒன்றுக்குள், பனை வரிசைக்கு முன்னால் இருக்கிற ஒற்றைச் சீமெந்துத் திடல் இது. நடத்துபவர் சில வருடங்கள் சர்வதேச ரெனிஸ் சம்மேளனத்தின் (ஐ.ரி.எஃப்.) சுற்றுப்போட்டிகளின் அடிமட்டத்தில் ஆடியவர். ஒரு பாடசாலைத் தவணை முழுவதும் கவனித்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறோம்.

அந்த அடிமட்டம் எப்படிப்பட்டது என்று பெற்றோர் பலருக்குத் தெரியாது. மொத்தப் பரிசு 15,000 டொலர் உள்ள ஆண்கள் போட்டியில் ஒற்றையர் கிண்ணம் எடுப்பவருக்கு 2,160 டொலர். முதற்சுற்றில் தோற்றால் 156 டொலர். வரி கழிவது அதிலிருந்துதான். விமானச் சீட்டு, அறை, சாப்பாடு, ரக்கெற்றுக்கு நரம்பு கட்டுகிற செலவு எல்லாம் ஆடுபவரின் தலையில். ஆகவே அந்த மட்டத்தில் பலர் தனியாகவே பயணம் செய்கிறார்கள். தன் ரக்கெற்றுக்குத் தானே நரம்பு கட்டி, எதிராளியின் ஆட்டத்தை வேலியோரம் நின்று தானே பார்த்துக் குறிப்பெடுத்து, தோல்விக்குக் காரணத்தைத் தானே தேடி வாழ்கிற வாழ்க்கை. அப்படிப் பழகிய கண் கற்பித்தலுக்கு வந்தால் பெரிய சொத்து. ஆனால் ஆடத் தெரிந்ததனாலேயே கற்பிக்கத் தெரிந்துவிடாது. தன் கைக்கு வந்த அடியையே எல்லாப் பிள்ளைகளின் கையிலும் திணிக்கிற முன்னாள் வீரர்கள் நிறையப் பேர்.

ஆடி எட்டிய உயரமும் கற்பிக்கும் திறமையும் வேறு வேறு என்பதை உலக மட்டத்திலும் காணலாம். ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோ 2003 இல் பிரெஞ்சு ஓப்பனை வென்று, அதே வருடம் தரவரிசையில் முதலிடத்துக்கும் வந்தவர். அவர் வளர்த்த அல்கராஸ் 2022 இல் 19 வயதில் முதலிடம் பிடித்தார். டரன் காகில் வீரராக எட்டிய உச்ச இடம் 22 தான். ஆனால் ஹியூவிற், அகஸி, ஹலெப், சின்னர் என்ற நால்வரும் முதலிடத்தில் இருந்தபோது பயிற்றுவிப்பாளராகப் பக்கத்தில் இருந்தவர் அவர். ஒருவர் எவ்வளவு உயரம் ஏறினார் என்பதை மட்டும் வைத்துப் பயிற்றுவிப்பாளரைத் தெரிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இந்த வகுப்பில் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிவப்புப் பந்துதான். மஞ்சள் நிறப் போட்டிப் பந்தை 254 சென்றிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டால் அது 135 முதல் 147 சென்றிமீற்றர் வரை எழும்பும். சிவப்புப் பந்து 90 முதல் 105 வரைதான். வேகமும் ஏறத்தாழ முக்கால்வாசி குறைவு. அடுத்த படிகளில் வரும் செம்மஞ்சள் பந்து பாதி வேகம், பச்சைப் புள்ளிப் பந்து கால்வாசி குறைந்த வேகம். 23.77 மீற்றர் நீளத் திடலைக் குறுக்காகப் பிரித்து, தாழ்ந்த வலை கட்டி, 11 மீற்றர் அளவான சின்னத் திடல்கள் மூன்று போட்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் நான்கு பிள்ளைகள்.

"எங்கட பிள்ளைக்கு எப்ப சேர் மஞ்சள் பந்து குடுப்பியள்?" என்று வாயிலில் கேட்காத பெற்றோர் இல்லை. அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறோம். மஞ்சள் பந்து சீமெந்தில் பட்டு எட்டு வயதுப் பிள்ளையின் தோளுக்கு மேலே எழும்பும். அதை அடக்குவதற்குப் பிள்ளை பிடியை ரக்கெற்றின் அடிப்பக்கத்துக்குத் திருப்பும், முழங்கையை மடக்கித் தள்ளும், அல்லது பின்னுக்கு ஓடி ஓடித் திடலுக்கு வெளியே நின்று அடிக்கும். இந்த மூன்றும் பத்து வயதில் பழக்கமாகிவிட்டால் திருத்த இரண்டு வருடம் வேண்டும். இவர் பிள்ளையை அடுத்த நிறத்துக்கு ஏற்றுவதற்கு வைத்திருக்கும் அளவு தெளிவானது: இருவர் சேர்ந்து தொடர்ச்சியாக இருபது பந்தைத் திடலுக்குள் போட்டெடுக்க வேண்டும், தலைக்கு மேலால் சேர்வ் போட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். வயதைப் பார்த்து ஏற்றுவதில்லை. இது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

உடம்பைச் சூடாக்குவதற்குக் கிளித்தட்டு. ரெனிஸ் திடலின் கோடுகளே கிளித்தட்டுக் கோடுகளாகின்றன. கோட்டில் மறிக்கிற பிள்ளை பக்கவாட்டில் கால் மாற்றி நகரப் பழகுகிறது. எதிரி எந்தப் பக்கம் பாயப்போகிறான் என்று தெரியாமல் இரண்டு காலையும் மெல்லத் துள்ளி நிலத்தில் ஊன்றுகிற பழக்கமும் வந்துவிடுகிறது. எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் போட வேண்டிய சின்னத் துள்ளலும் இதுவேதான். வகுப்பிலே எத்தனை தரம் விளங்கப்படுத்தினாலும் வராத அசைவு, விளையாட்டில் தானாக வருகிறது.

இவருடைய மிகச் சிறந்த பாடம் சேர்வ். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் ரக்கெற்றைத் தட்டகப்பை மாதிரிப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். தோசை திருப்புகிற பிடி. அந்தப் பிடியில் பந்து உள்ளே விழும், அதனால் பிள்ளையும் பெற்றோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் மணிக்கட்டு பூட்டிக்கிடக்கும், சுழற்சி வராது, வேகம் கூட்டினால் பந்து வெளியே போகும். இவர் முதலில் ரக்கெற்றின் விளிம்பு நிலத்தைப் பார்க்கும்படி, சுத்தியல் பிடிப்பதைப்போலப் பிடிக்க வைக்கிறார். அடுத்து, அந்தப் பிடியை மாற்றாமல் விளிம்பால் பந்தை வெட்டப்போவதைப்போலக் கையை மேலே கொண்டுபோய், கடைசிக் கணத்தில் முன்கையைத் திருப்பி முகத்தால் அடிக்க வேண்டும். சேர்வ் பெட்டியின் கோட்டில் நின்று பத்துக்கு ஏழு உள்ளே போனால் இரண்டடி பின்னுக்கு. மறுபடி ஏழு போனால் இன்னும் பின்னுக்கு. கடைக்கோட்டுக்கு வந்து சேர ஒரு பிள்ளைக்கு ஆறு கிழமையும் ஆகலாம்.

பந்தைத் தூக்கிப் போடுவதில் இன்னும் கண்டிப்பு. விரல்களால் சுண்டினால் பந்து சுழன்று பின்னுக்குப் போகும். கையை நேராக வைத்து, தோளிலிருந்து உயர்த்தி, கண் மட்டத்தில் விட வேண்டும். பந்து விழவிட்டால் முன்காலுக்கு ஓர் அடி முன்னால் விழ வேண்டும் என்பதற்காக நிலத்தில் ஒரு ரக்கெற்றைப் படுக்க வைத்து, அதன் முகத்தின் மேல் விழுகிறதா என்று பார்க்கிறார். சோளகம் பலமாக வீசுகிற மாதங்களில் தூக்கும் உயரத்தைக் குறைக்கச் சொல்கிறார். உயரப் போன பந்தைக் காற்று எடுத்துக்கொண்டு போகிறபோது பிள்ளை முதுகை வளைத்து அதைத் துரத்தும், நோவு அங்கேதான் தொடங்கும்.

பெரியவர்களுக்கான பின்னேர வகுப்பு அந்தளவுக்கு இல்லை. எட்டுப் பேர், ஒரு திடல், வரிசையில் நிற்கிற நேரம் அதிகம். கூடையில் உள்ள அறுபது பந்துகளில் பாதி காற்றுப்போனவை. சீமெந்து உரோமத்தையும் தேய்த்துவிடுகிறது. செத்த பந்தைக் கடைக்கோட்டுக்குக் கொண்டுபோகக் கை கூடுதலாக உழைக்க வேண்டும், முழங்கை நோவு அதனாலும் வரும். புதுப் பந்தையும் பழைய பந்தையும் தோள் உயரத்திலிருந்து ஒன்றாக விழவிட்டுப் பாருங்கள். பழையது இடுப்பளவுக்கு வராவிட்டால் ஒதுக்கிவிடலாம். கிரிக்கெற் ஆடிவிட்டு வருகிறவர்களுடைய கீழ்க்கைப் பழக்கத்தை இரண்டு கைப் பக்ஹான்டாக (மறுபக்க அடியாக) மாற்றுவதில் மட்டும் இவர் கெட்டிக்காரர். அந்த ஒரு அடிக்காக வரலாம்.

நரம்பு கட்டும் சேவையும் உண்டு. தண்டில் தொங்கும் எடையால் நரம்பை இழுக்கிற எடைத்தண்டு இயந்திரம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் தண்டு கிடையாக நிற்க வேண்டும், சரிந்து நின்றால் இழுவிசை பிழைக்கும். இவர் சரிந்த தண்டைத் தூக்கி, நரம்பை மீண்டும் பிடித்து இழுக்கிறார். அவசரமாகக் கட்டுகிறவர்கள் இதைச் செய்வதில்லை. பெரியவர்களுக்குச் செயற்கை நரம்பு 52 இறாத்தல் இழுவிசையில் கட்டி, திகதியை ஒரு துண்டு ரேப்பில் எழுதி ரக்கெற்றின் கழுத்தில் ஒட்டிவிடுகிறார். பொலியெஸ்ரர் நரம்பு கேட்கும் பதின்ம வயதினரைத் திருப்பி அனுப்புகிறார், அது சரியான காரியம். அந்த நரம்பு விறைப்பானது, இழுவிசையையும் கெதியாக இழக்கும். முழு வீச்சில் அடித்து நரம்பை அடிக்கடி அறுக்கிறவர்களுக்கே அது பொருந்தும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரக்கெற்றை வைக்காதீர்கள் என்று அவர் சொல்வதையும் கேளுங்கள்.

பிள்ளைக்கு ரக்கெற் வாங்க முதல் அவரிடம் அளவு பார்த்துவிட்டுப் போங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் நுனி நிலத்தை மட்டுமட்டாகத் தொட வேண்டும். ஆறு, ஏழு வயதுக்கு 21 அல்லது 23 அங்குலம், ஒன்பது வயதுக்கு 25. "வளர்ந்தாப் பிறகும் பாவிக்கலாம்" என்று 27 அங்குலம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை கைப்பிடியின் நடுவில் பிடித்து ஆடும், எல்லாப் பாடமும் வீண்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கழகத் திடலிலும் கடைக்கோட்டுக்குப் பின்னால் குறைந்தது 5.48 மீற்றர் இடம் இருக்க வேண்டும். இங்கே நான்குதான் இருக்கும். உயரமாக வரும் பந்துக்குப் பின்வாங்க இடமில்லாததால், பெரிய பிள்ளைகள் பந்து எழும்புமுன் அவதியாக அடிக்கப் பழகுகிறார்கள். கொழும்பிலே களிமண் திடலில் ஆட நேரும்போது, பந்து மெதுவாகி உயர எழும்ப, காலும் வழுக்க, இவர்கள் தடுமாறுவது அதனால்தான். மூத்த மாணவர்களோடு பயிற்றுவிப்பாளர் போட்டிக்குப் போகும் கிழமைகளில் உதவியாளர்தான் வகுப்பு எடுக்கிறார். நல்ல பெடியன், ஆனால் பந்தை வேகமாகப் போடுகிறார். சின்னப் பிள்ளைகள் அன்றைக்குப் பழைய பிழைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதை அந்த வகுப்பு உடனே திருத்த வேண்டும். உதவியாளருக்கு ஐ.ரி.எஃப். முதல் நிலைப் பயிற்சியாவது தேவை. ஆரம்ப, நடுத்தர ஆட்டக்காரர்களுக்குக் கற்பிப்பது எப்படி என்பதே அந்த நிலையின் பாடம்.

நேரம் ரியூசனைப் பார்த்து வகுத்திருக்கிறார்கள்: சனி, ஞாயிறு காலை ஆறு மணி, கிழமை நாட்களில் பின்னேரம் ஐந்தேகால். திடல் வடக்குத் தெற்காக அமைந்திருப்பதால் இரண்டு நேரமும் வெயில் கண்ணில் அடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்புகள் தடைப்படும், ஈரச் சீமெந்து வழுக்கும். தவறிய நாட்களுக்குப் பதில் நாள் தருவார்களா என்று காசு கட்ட முதல் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கிறவர்கள் தையில் சேர்ப்பது நல்லது: மழை ஓய்ந்திருக்கும், சோளகம் எழும்ப இன்னும் நாலைந்து மாதம் இருக்கும், அதற்குள் பிள்ளைக்குத் தூக்கிப் போடும் கை படிந்துவிடும்.