தண்ணீரும் கழிப்பறையும்: மும்பை, டெல்லி, பெங்களூரு குடிசைப் பகுதிகளில் யார் எவ்வளவு செய்தார்கள்?

குடிசைப் பகுதித் தண்ணீர், கழிப்பறை விஷயத்தில் எந்த அரசு நன்றாகச் செய்கிறது என்று கேட்டால், நம் தமிழ் ஆட்கள் விலையை வைத்துத்தான் பதில் சொல்கிறார்கள். டெல்லியில் இலவசம், மும்பையில் காசு, பெங்களூருவில் டேங்கர். மூன்று ஊரிலும் சொந்தபந்தம் உள்ள குடும்பம் எங்களுடையது. நான் இருப்பது மும்பையில், சயான் பக்கம். விலையை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். குழாய் போட என்ன காகிதம் கேட்கிறார்கள், அந்தக் காகிதம் இல்லாதவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதற்கு முன் அளவுகோலைப் பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தில், பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் கழிப்பறை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ‘வரம்புக்குட்பட்ட’ வசதி என்றுதான் எழுதப்படும். ‘அடிப்படை’ வசதி என்ற பெயர் வாங்கவே அது ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். நம் தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் கணக்கு வேறு. வீட்டில் கட்ட இடமில்லாத குடும்பத்துக்கு 500 மீட்டருக்குள் சமூகக் கழிப்பறை இருந்தால், திறந்தவெளிக் கழிப்பு இல்லாத நகரம் என்ற சான்றிதழுக்கு அது போதும். ஆண்களுக்கு 35 பேருக்கு ஓர் இருக்கை, பெண்களுக்கு 25 பேருக்கு ஓர் இருக்கை என்பது விதி. 500 மீட்டர் என்பது காகிதத்தில் சின்னத் தொலைவு. வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு சந்து சந்தாக நடக்கும் தாய்க்கு அது சின்னத் தொலைவு இல்லை. அரசுகள் தரும் முன்னேற்றக் கணக்கு எல்லாமே இந்த இரண்டாவது அளவுகோலில் எடுத்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

முதலில் தண்ணீர்.

மும்பைக்குக் குறை தண்ணீரில் இல்லை. பாட்சா, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, விஹார், துளசி என்று ஏழு ஏரிகள். நாளுக்கு 385 கோடி லிட்டர் அளவில் ஊருக்குள் வருகிறது. பகிர்வில்தான் கோளாறு. கட்டடத்தில் இருப்பவருக்கு நாளுக்கு 135 லிட்டர், குடிசைவாசிக்கு 45 லிட்டர் என்று மாநகராட்சியின் கணக்கே பிரித்து வைத்திருக்கிறது. அந்த 45-ம் எல்லாருக்கும் இல்லை. 1995-க்கு முன் வந்தவருக்கு மட்டும், அப்புறம் 2000-க்கு முன் வந்தவருக்கு மட்டும் என்று ஒரு தேதியைக் காட்டியே பல்லாண்டுகள் இணைப்பு மறுத்தார்கள்.

தண்ணீர் உரிமைக்காகப் போராடும் பாணி ஹக் சமிதி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தேதியை உடைத்தது. குடிசை சட்டவிரோதமானது என்றாலும் அதில் இருப்பவருக்குக் குடிநீரை மறுக்க முடியாது, அது உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னது. மற்றவர்களுக்குத் தரும் அதே முறையில் தர வேண்டியதில்லை, கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மாநகராட்சி 2017-இல் ஒரு கொள்கை கொண்டுவந்து, தனியார் நிலம், மத்திய அரசு நிலம் என்று விலக்குகளால் அதைப் பாதி காலி செய்தது. 2022 மே மாதம்தான் ‘அனைவருக்கும் தண்ணீர்’ என்ற கொள்கை வந்தது. மூன்று நகரங்களில், நிலம் யாருடையது என்பதையும் தண்ணீரையும் சட்டப்படி இவ்வளவு தெளிவாகப் பிரித்துவைத்தது மும்பைதான். அதுவும் அரசு தானாகச் செய்யவில்லை. மக்கள் வழக்குப் போட்டு வாங்கியது.

ஆனால் தீர்ப்பு சந்துக்குள் வரும்போது எப்படி இருக்கிறது? ஐந்தோ பத்தோ வீடுகள் சேர்ந்து ஒரு குழு இணைப்பு. பெரிய சாலைக் குழாயிலிருந்து சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பு வரைக்கும் பைப் இழுக்கும் செலவு நம் தலையில். அந்த மெல்லிய பைப்புகள் கட்டுக் கட்டாகச் சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். விடியற்காலையில் இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் வரும். வந்ததும் ஆளாளுக்கு மோட்டார் போட்டு இழுப்பார்கள். தண்ணீர் நின்ற நேரத்தில் பைப் காலியாக இருக்கும், இணைப்பில் ஓட்டை இருந்தால் சாக்கடை உள்ளே இறங்கும். அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் முதல் பால்டி (வாளி) தண்ணீரை முகர்ந்து பார்த்து மோரியில், அதாவது வீட்டுக்குள் கழுவும் மூலையில், ஊற்றிவிடுகிறார்கள். இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் எடுக்கும் ஆய்வில் அந்த முதல் பால்டி வருவதே இல்லை.

டெல்லிக்கு வருவோம். 2015 மார்ச்சிலிருந்து மாதம் 20,000 லிட்டர் வரை குடும்பத்துக்கு இலவசம். நாளுக்கு 660 லிட்டருக்கு மேல். ஐந்து பேர் குடும்பத்துக்குத் தாராளம். நல்ல திட்டம் என்றே சொல்வேன், ஏனென்றால் மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது உண்மையான பணம். நிபந்தனை ஒன்றுதான்: ஓடுகிற மீட்டர் இருக்க வேண்டும். மீட்டர் இருக்க இணைப்பு வேண்டும், இணைப்புக்கு வீட்டுவரை குழாய் வந்திருக்க வேண்டும். டெல்லி அரசின் பட்டியலில் ஜுக்கி எனப்படும் குடிசைக் குடியிருப்புகள் 675. அங்கே பெரும்பாலும் பொதுக்குழாய், இல்லாவிட்டால் டேங்கர். மீட்டர் இல்லாத வீட்டுக்கு 20,000 லிட்டர் இலவசம் என்ற பேச்சே இல்லை. ஆக, ஓரளவு வசதியாக இருந்தவருக்குச் சலுகை முழுதாகக் கிடைத்தது; எல்லாருக்கும் கீழே இருந்தவர் டேங்கருக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தார்.

2024 ஜூன் வெயிலில் இது நாடே பார்க்கத் தெரிந்தது. டேங்கர் மாஃபியாவைத் தடுக்க என்ன செய்தீர்கள் என்று உச்ச நீதிமன்றம் டெல்லி அரசைக் கேட்டது. டெல்லியின் அன்றைய நீர்வளத்துறை அமைச்சர் ஆதிஷி, ஹரியானா தண்ணீர் விடவில்லை என்று ஜங்புரா பக்கம் போகலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். யமுனையில் அம்மோனியா ஏறினால் வசீராபாத் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் உற்பத்தியைக் குறைக்க வேண்டிய ஊர் அது. மேலே இருக்கும் மாநிலத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். அதை மறுக்க முடியாது. ஆனால் கிடைத்த தண்ணீரை எந்த வீட்டுக்குக் குழாயில் விடுவது, எந்த வீட்டுக்கு வண்டியில் அனுப்புவது என்ற முடிவு டெல்லிக்குள் எடுப்பது. அதற்கு ஹரியானாவைக் குறை சொல்ல முடியாது.

பெங்களூருவில் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்பதைவிடப் பழைய ஊர், புது ஊர் என்ற கோடு அழுத்தமானது. அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் மாதிரி நம் மக்கள் தலைமுறைகளாக இருக்கும் இடங்கள் காவிரிக் குழாய்க்குள் வந்துவிட்டவை. 1964-இல் தொடங்கிய குடிநீர் வடிகால் வாரியம், 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஒரு நல்ல காரியம் செய்தது. குடிசைப் பகுதி இணைப்புக்குப் பட்டா கேட்பதை விட்டு, ரேஷன் கார்டு போன்ற இருப்பிடச் சான்றே போதும் என்று சில பகுதிகளில் தனி வீட்டு இணைப்பு தந்தது. மும்பையில் நீதிமன்றம் சொல்லி நடந்ததை அங்கே அதிகாரிகளே நடத்திக் காட்டினார்கள். அதை நகரம் முழுவதும் அதே வேகத்தில் விரித்திருந்தால் இன்று பெங்களூருதான் முதலிடம்.

விரிக்கவில்லை. 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கான காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. நடுவில் 17 வருடம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் டேங்கரும்தான். 2024 கோடையில் வாரியத்தின் ஏறக்குறைய 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் பாதி வற்றின. டேங்கர் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டர் 100 ரூபாய். குழாய் வைத்திருந்தவர் முதல் 8,000 லிட்டருக்குக் கட்டியது ஆயிரத்துக்கு 7 ரூபாய். குடிநீர்க் கியோஸ்க்கில் ஐந்து ரூபாய்க் காயின் போட்டு 20 லிட்டர் கேன் பிடிப்பவர் கணக்கில் ஆயிரம் லிட்டர் 250 ரூபாய் ஆகிறது. குறைவாகச் சம்பாதிப்பவர் லிட்டருக்கு 35 மடங்கு விலை கொடுத்தார் என்பதுதான் அந்தக் கோடையின் கணக்கு.

தண்ணீருக்கு என் தீர்ப்பு: சட்டத்தில் மும்பை, விலையில் டெல்லி, நடைமுறை யோசனையில் பழைய பெங்களூரு. மூன்றையும் ஒரே ஊரில் யாரும் செய்யவில்லை.

கழிப்பறையில் மும்பை கற்றுக்கொண்டது அதிகம், அடிபட்டதும் அதிகம். பழைய வகை, அரசு கட்டி அப்படியே விட்டுப்போகும் இலவச சண்டாஸ் (பொதுக் கழிப்பறை). எம்எல்ஏ நிதியில் திறப்பு விழா நடக்கும், இரண்டு மழைக்காலத்தில் கதவு போகும், தண்ணீர் இணைப்பு இருக்காது, டேங்க் நிரம்பி வழியும். யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை. இதற்கு மாற்றாக உலக வங்கிக் கடனில் 1990-களில் குடிசைப் பகுதிச் சுகாதாரத் திட்டம் வந்தது. பெரியவர் ஒருவருக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 என்று சால்காரர்கள் முன்பணம் கட்டி ஒரு கமிட்டி அமைக்க வேண்டும், மாநகராட்சி கட்டிக் கொடுக்கும், பராமரிப்பு கமிட்டியுடையது.

இந்த யோசனைக்குப் பின்னால் நம் ஆள் ஒருவர் இருந்தார் என்பதை இங்கே பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். மான்குர்த் ஜனதா காலனியில் வாழ்ந்து, 1976-இல் அது இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டதை எதிர்த்துப் போராடியவர். தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியவர். 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2018-இல் மறைந்தார். அவரும் மகிளா மிலன் என்ற குடிசைப் பெண்கள் அமைப்பினரும் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து கட்டிய கழிப்பறைகளில் சின்னச் சின்ன விஷயம் கவனிக்கத் தக்கது. ஆண்கள் வாசல் தனி, பெண்கள் வாசல் தனி. குழந்தைகளுக்குக் குழி சிறியதாக, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு. மேலே ஓர் அறையில் பராமரிப்பவரின் குடும்பமே குடியிருக்கும். ராத்திரியிலும் ஆள் உண்டு, விளக்கு உண்டு. குடிசையில் வாழ்ந்தவர்கள் யோசித்தால்தான் இது வரும்.

எல்லாக் கமிட்டியும் அப்படி நிலைக்கவில்லை. சில இடத்தில் செக்ரட்டரி ஒருவரே எல்லாம் ஆகி, கழிப்பறையை ஒப்பந்தத்துக்கு விட்டு, தடவைக்கு இவ்வளவு என்று வாசலில் ஆள் உட்கார்ந்துவிடுகிறார். மாதப் பாஸ் மறைகிறது. ஐந்து பேர் நாளுக்கு இரண்டு தடவை, ஆளுக்கு இரண்டு ரூபாய் என்றால் மாதம் 600 ரூபாய் ஆகிறது. 2016-இல் காட்கோபர் ஆசாத் நகரில் மாநகராட்சியும் இந்துஸ்தான் யூனிலீவரும் சேர்ந்து தொடங்கிய சுவிதா மையத்தில் குடும்பப் பாஸ் 150 ரூபாய் என்று வைத்தார்கள். குளிக்க, துணி துவைக்க இடம், குளித்த தண்ணீரையே சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு எல்லாம் உண்டு. நன்றாகவே நடக்கும் மாதிரி. ஆனால் ஒரு கம்பெனியின் மனத்தைச் சார்ந்த சேவையை நகரத்தின் ஏற்பாடு என்று நான் எண்ண மாட்டேன்.

டெல்லி வேறு வழியில் போனது. நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியத்தின் ஜன் சுவிதா கழிப்பறை வளாகங்கள் 2018 ஜனவரியிலிருந்து முழு இலவசம். ஒரு ரூபாய் இல்லாமல் உள்ளே போகலாம் என்பது பெண்களுக்குப் பெரிய விடுதலை. தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கும் கொடுமை அதனால் குறையும். குறை எங்கே என்றால், ஒப்பந்தக்காரர் சுத்தம் செய்யவில்லை, ராத்திரி பூட்டிவிட்டார் என்றால் கேட்க அந்த சந்துக்காரருக்கு எந்தப் பிடியும் இல்லை. இலவசமும் கமிட்டியும் சேர்ந்து வர முடியாது என்று எந்த விதியும் கிடையாது. செலவை அரசு ஏற்கட்டும், ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகும்முன் சால் பெண்களின் கையெழுத்து வேண்டும் என்று வைக்கட்டும். பெங்களூருவின் பழைய தமிழ்ப் பகுதிகளில் வீட்டுக் கழிப்பறை அதிகம் என்பதால் இந்தச் சண்டை அங்கே குறைவு.

கை கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் தாராவியில் முதல் கொரோனா வந்தபோது, அங்கே 80 சதவீதம் பேர் சுமார் 450 சமூகக் கழிப்பறைகளை நம்பி இருக்கிறார்கள் என்று மாநகராட்சியே சொன்னது. அன்றைக்கு நாளுக்குப் பலமுறை கழிப்பறைகளுக்கு மருந்து அடித்தார்கள். செய்ய முடியும் என்று காட்டினார்கள். அந்தப் பழக்கம் ஏன் நிரந்தரம் ஆகவில்லை என்று எந்த ஆய்வுக் கூட்டத்திலாவது கேட்க வேண்டும்.

இந்தப் பொதுக் கழிப்பறை வகைகள் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது வீட்டுக்குள் ஒரு கழிப்பறை. அது வந்தால் மேலே சொன்ன சண்டை எல்லாம் முடிந்துவிடும். மறுகுடியமர்த்தல் அதைத்தான் வாக்களிக்கிறது. அங்கேயும் காகிதம் குறுக்கே வருகிறது. 2025 ஜூன் 1 அன்று டெல்லி ஜங்புராவில் நம் மக்கள் பல தலைமுறையாக இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189 மட்டுமே நரேலா ஃப்ளாட்டுக்குத் தகுதி என்றார்கள். மீதிக் குடும்பங்களுக்குக் கழிப்பறையும் போயிற்று, கூரையும் போயிற்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திலும் 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவருக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. மாடியில் இருப்பவரும் பின்னால் வந்தவரும் வெளியே போக வேண்டும்.

அந்த ஃப்ளாட்டுகள் வரப் பல வருடம் ஆகும். அதுவரை சந்துகளில் சாக்கடைக் குழாய் போட வேண்டியதில்லை, எல்லாம்தான் இடிக்கப் போகிறோமே என்று சொல்லிவிடுவது சுலபம். வார்டு கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியது இரண்டு. 2022-இன் ‘அனைவருக்கும் தண்ணீர்’ கொள்கைப்படி எங்கள் வார்டில் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்கு இணைப்பு கொடுத்தீர்கள், மறுத்ததற்கு என்ன காரணம் எழுதினீர்கள் என்பது ஒன்று. மோரியை ஒட்டி வீட்டுக்குள் கழிப்பறை கட்டத் தயாராக இருக்கும் குடும்பங்களுக்கு, சந்து வரை சாக்கடைக் குழாயை எப்போது கொண்டுவருவீர்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.