விசைப்பலகை மெதுவாக வேலை செய்கிறதா? கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் இதைப் படியுங்கள்

பழுதே இல்லாத கணினியைப் பழுதுபார்த்ததாகச் சொல்லி எங்களிடம் 6,350 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பணத்தைக்கூட விட்டுவிடலாம். அப்பா மூன்று வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த நெல்லை வட்டாரச் சொற்களின் தொகுப்பை அழித்துவிட்டார்கள். அந்த ஆத்திரம்தான் இதை எழுத வைக்கிறது.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்வார். ஒருநாள் திடீரென்று எழுத்துகள் விழவில்லை. வேகமாகத் தட்டினால் திரையில் ஒன்றுமே வராது. ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால், சுமார் ஒரு விநாடி கழித்து ஓர் எழுத்து வரும். மௌஸ் மட்டும் எப்போதும்போல் ஓடியது.

கடையிலிருந்து வந்தவர் முதலில் புது விசைப்பலகை மாட்டினார். அதிலும் அதே தாமதம். உடனே கணினியை அணைத்து, மறுபடி போடும்போது டெலீட் விசையைத் தட்டி, விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனார். அம்புக்குறி விசைகளைப் படபடவென்று தட்ட, பட்டியலில் வெளிச்சம் அதே வேகத்தில் மேலும் கீழும் ஓடியது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் எழுந்து, "மதர்போர்டு போய்விட்டது அண்ணாச்சி, கடைக்கு எடுத்துப் போக வேண்டும்" என்றார். மதர்போர்டு போயிருந்தால் பயாஸில் மட்டும் விசைகள் எப்படி உடனுக்குடன் வேலை செய்யும்? அந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. அங்கே விண்டோஸ் இன்னும் ஏறியிருக்காது. எனவே கோளாறு விண்டோஸுக்குள் என்பது அந்த நிமிடமே தெரிந்திருக்க வேண்டும், அவருக்காவது.

நான்கு நாள் கழித்துக் கணினி வந்தது. வந்ததற்கு 500, விசைப்பலகைக்கு 850, மதர்போர்டு வேலைக்கு 4,200, ஃபார்மட்டுக்கு 800. எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில், கடை முத்திரைகூட இல்லாமல். அப்பாவின் தொகுப்பு இருந்த டி டிரைவைத் தொட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். திறந்து பார்த்தால் வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, "வைரஸ் இருந்தது, அதனால் முழுதும் துடைத்துவிட்டோம்" என்றார்கள். ஆனால் தட்டச்சு சரியாகிவிட்டிருந்தது. அதனால் வாயடைத்துப் போய்ப் பணத்தைக் கொடுத்தோம்.

பத்து நாளில் அதே தொல்லை திரும்பியது. இந்த முறை அப்பாவின் பக்கத்திலேயே நான் இருந்தேன். எங்கள் ஊரில் 'சமுக்காளம்' என்பார்கள். அதற்கு எதிரே 'ஜமுக்காளம்' என்று எழுத நினைத்தார். அப்பா பயன்படுத்தும் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ஜ வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஊ விசையைத் தட்ட வேண்டும். ஊ இடது கைப் பக்கம் இருப்பதால் ஷிஃப்டுக்கு வலது சுண்டுவிரல். விரலை அங்கேயே வைத்தபடி அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருந்தார். கணினி 'கீங்' என்றது. ஒரு சிறிய பெட்டி தோன்றியது. அது என்னவென்று படிக்காமல் 'யெஸ்' பொத்தானை அழுத்திவிட்டார். திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், நிறுத்துக்கடிகாரம் போன்ற சின்னப் படம் வந்து உட்கார்ந்தது.

அதன் பெயர் ஃபில்டர் கீஸ். கை நடுக்கம் உள்ளவர்கள் தெரியாமல் விசையைத் தொட்டுவிட்டால் அது எழுத்தாக விழக்கூடாது என்பதற்காக விண்டோஸிலேயே இருக்கும் நல்ல வசதி. வலது ஷிஃப்டை 8 விநாடி பிடித்தால் அதை இயக்கலாமா என்று கேட்கும். இயக்கிவிட்டால் சற்று நேரம் அழுத்திய விசையை மட்டுமே ஏற்கும். அதனால்தான் விசைப்பலகையை மாற்றியும் பயனில்லை. ஃபார்மட் செய்தபோது மற்ற அமைப்புகளோடு இதுவும் போய்விட்டது. அதைத்தான் பழுதுபார்த்த கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அக்ஸெஸிபிலிட்டி, கீபோர்டு. விண்டோஸ் 10 என்றால் அக்ஸெஸிபிலிட்டி என்ற இடத்தில் ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ். அங்கே ஃபில்டர் கீஸை அணையுங்கள். ஷிஃப்ட் மூலம் அது இயங்குவதற்கான குறுக்குவழியையும் சேர்த்து அணையுங்கள், இல்லையேல் திரும்ப வரும். எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

உலாவியில் மட்டும் எழுத்து தாமதித்து, நோட்பேடில் சரியாக விழுந்தால், உலாவியில் கூடுதலாகச் சேர்த்த நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) பாருங்கள். கம்பியில்லா விசைப்பலகை என்றால் முதலில் பேட்டரி.

அன்று மாலையே கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். மதர்போர்டின் மேல் தூசி சாம்பல் நிறத்தில் ஒரே சீராகப் படிந்திருந்தது, திருகுகளின் தலை உட்பட. ஒரு விரல் பட்ட அடையாளம்கூட இல்லை. 4,200 ரூபாய் வேலை! படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முறையான பில் கேட்டேன். தர மறுத்தார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

உங்கள் வீட்டுக் கணினியைக் கொடுக்க வேண்டியே வந்தால், கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்த பிறகே கொடுங்கள். ஃபார்மட் செய்யக்கூடாது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள்.

அழிந்த கோப்புகளில் கொஞ்சம்தான் மீட்க முடிந்தது, அதுவும் பாதி பாதியாக. அப்பா பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, 'அங்கணம்' என்ற சொல்லிலிருந்து மறுபடி தட்டச்சு செய்கிறார். நேற்று 'ஏனம்' வரை வந்திருந்தார்.